பப்பாளி மாவுப்பூச்சி: குளவி வந்த பாதையும் பணம் வந்த பாதையும்

2008 ஜூலையில் கோவையில் பப்பாளி இலைக்கு அடியில் அப்பிக் கிடந்த பூச்சி மஞ்சள் நிறம். அதன் மேல் மாவு தூவினாற்போல மெழுகு. எடுத்து ஆல்கஹாலில் போட்டுவைத்தால் ஒன்றிரண்டு நாளில் நீலம் பாய்ந்து கறுத்துப்போகும். பாராகாக்கஸ் என்ற பேரினத்துக்கே உரிய குணம் அது. வயலில் நிற்பவருக்குச் சந்தேகம் தட்ட அது போதும். பெயர் சொல்லப் போதாது. பெயர் சொல்ல, பூச்சியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி உள்ளிருப்பதைக் கரைத்து, வெறும் தோலுக்குச் சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லில் கனடா பால்சம் வைத்துப் பதித்து, நுண்ணோக்கியில் இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டும். முதுகில் இருக்கும் ஒருவகைக் குழாய்ச் சுரப்பிகள் ஓரத்தில் மட்டும் வரிசை கட்டியிருக்கின்றனவா, பின்னங்காலில் துளைகள் இல்லாமல் இருக்கின்றனவா? இரண்டும் பொருந்தினால் அது பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ், பப்பாளி மாவுப்பூச்சி.

இந்தச் சில்லைத் தயாரிக்கத் தெரிந்தவர்கள் நாட்டில் மிகச் சிலர். அந்தச் சிலருக்குச் சம்பளம் எந்தக் கணக்குத் தலைப்பில் வருகிறது என்பதுதான் இந்த ஆய்வின் மையக் கேள்வி. பப்பாளி மாவுப்பூச்சியின் கதையைப் பெரும்பாலும் அதை அடக்கிய ஒட்டுண்ணிக் குளவியின் வெற்றிக் கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். வரவுசெலவுப் புத்தகத்தின் பக்கமிருந்து பார்த்தால் அதில் வேறு பாடங்களும் இருக்கின்றன.

வந்த பூச்சி

தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே அது பெரிய பூச்சியே இல்லை. இயற்கை எதிரிகள் அதை அடக்கி வைத்திருந்தன. 1990களில் கரீபியன் தீவுகளில் பரவியது, 1998இல் புளோரிடா, 2002இல் குவாம், 2004இல் ஹவாய். 2008இல் மே மாதம் இந்தோனேசியாவின் போகோர், ஜூலையில் கோவை, அதே ஆண்டில் இலங்கை. ஆசியாவில் அதை அடையாளம் கண்டவர்களில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் ஆர். முனியப்பன் முக்கியமானவர். அவர் முன்பு குவாமில் வேலை பார்த்தவர். இந்தப் பூச்சி அங்கே வந்ததையும் அடங்கியதையும் அறிந்த கண் அது. புதுப் பூச்சி விஷயத்தில் முதல் சில வாரங்களை மிச்சப்படுத்துவது இப்படிப்பட்ட கண்தான்.

ஒரு பெண் பூச்சி தன் உடம்பைப் போல மூன்று நான்கு மடங்கு நீளமான பஞ்சுப் பையில் 100 முதல் 600 முட்டை வரை இடும். பத்து நாளில் பொரியும். குஞ்சுகள் ஊர்ந்தும் காற்றிலும் பரவும், ஆள் சட்டையிலும் ஆட்டு மயிரிலும் தொற்றிக்கொண்டு போகும். ஒரு தலைமுறை முடிய ஏறத்தாழ ஒரு மாதம். நம் சூட்டில் ஆண்டு முழுக்க இனப்பெருக்கம் நிற்பதில்லை.

பெயரில் பப்பாளி இருந்தாலும் அடி விழுந்தது பல பயிருக்கு. பப்பாளிக் காயைக் கீறிப் பால் எடுத்து, அதிலிருந்து பப்பெய்ன் என்ற நொதியைப் பிரிக்கும் ஆலைக்குக் கொடுக்கும் கோவை, திருப்பூர்ப் பக்கத்துத் தோட்டங்கள். உடுமலை வட்டாரத்து மல்பெரி. சேலம், நாமக்கல், ஈரோடு, தருமபுரி மாவட்டங்களின் மரவள்ளி. பிறகு பருத்தி, கொய்யா, கத்தரி, வெண்டை, தேக்கு. சாலையோரத்துத் துத்தி, செம்பருத்தி, பார்த்தீனியம் எல்லாமே அதற்குத் தங்குமிடம். ஒரு தோட்டக்காரர் மரத்தை அடியோடு வெட்டி எரித்தாலும் வேலிக்கு வெளியே இருக்கும் துத்தியிலிருந்து அடுத்த வாரம் திரும்ப வந்தது. இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தனி ஆள் தன் காசைப் போட்டுத் தன் நிலத்தில் மட்டும் தீர்க்க முடியாத பூச்சி இது. அதனால்தான் பிரச்சினை பொதுப் பணத்துக்கு வந்து சேர்கிறது.

மருந்து ஏன் தோற்றது

டைமெத்தோயேட், புரோஃபெனோபாஸ், இமிடாகுளோபிரிட் என்று வழக்கமான பட்டியல் முழுவதும் அடிக்கப்பட்டது. தோற்றதற்குக் காரணம் மருந்தின் வீரியம் இல்லை. அது போய்ச் சேராததுதான். முட்டை பஞ்சுக்குள், பூச்சி மெழுகுக்குள், கூட்டம் இலையின் அடிப்பக்கத்தில். பப்பாளி மரத்தின் உச்சிக் கொத்துக்குள் விசைத்தெளிப்பானின் நீர் நுழைவதில்லை. பத்து நாள் கழித்துப் பொரிகிற குஞ்சுக்கு இன்று அடித்த மருந்து மிச்சமிருப்பதும் இல்லை. சோப்புக் கரைசலோ வேப்பெண்ணெயோ சேர்த்தால் கொஞ்சம் ஒட்டும், அவ்வளவே.

மல்பெரியில் இன்னொரு சிக்கல் இருந்தது. அந்த இலையைத் தின்னப்போவது பட்டுப்புழு. மருந்து அடித்தால் காத்திருப்புக் காலம் முடியாமல் இலை பறிக்க முடியாது. காத்திருந்தால் புழுவுக்கு வயிறு காயும். தவறி முன்கூட்டிப் பறித்தால் தட்டோடு சாகும். பல இடங்களில் மல்பெரியைப் பிடுங்கிப் போட்டார்கள்.

மருந்து செய்த பெரிய கெடுதல் கண்ணுக்குத் தெரியாதது. ஸ்பால்கிஸ் எபியஸ் என்று ஒரு நாட்டு வண்ணத்துப்பூச்சி உண்டு. அதன் புழு இலை தின்னாது, மாவுப்பூச்சியைத்தான் தின்னும். மாவைத் தன் முதுகிலும் அப்பிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவிலேயே மறைந்து கிடக்கும். அதன் கூட்டுப்புழுவைத் திருப்பிப் பார்த்தால் குரங்கு முகம் போலிருக்கும். பூச்சிக்கொல்லி அடித்த தோட்டத்தில் முதலில் காணாமல் போனது இதுதான். ஆஸ்திரேலியாவிலிருந்து 1898இல் வந்து இங்கே ஊன்றிவிட்ட கிரிப்டோலேமஸ் பொறிவண்டையும் வாங்கி விட்டுப் பார்த்தார்கள். அது நன்றாகத் தின்னும். ஆனால் கூட்டம் அடர்த்தியாக இருக்கும்வரைதான். கொஞ்சம் குறைந்ததும் வேறிடம் பறந்துவிடும். மிச்சமிருக்கும் பத்துப் பூச்சி மறுபடி ஆயிரமாகும். மிச்சத்தைத் தேடிப்பிடிக்கிற எதிரி வேண்டும்.

குளவி ஏற்கெனவே இருந்தது

அந்த எதிரியை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அமெரிக்க வேளாண் துறையினர் 1999இலேயே மெக்சிகோவில் தேடி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளைச் சேகரித்து, போர்ட்டோ ரிக்கோவில் வளர்ப்பு நிலையம் நடத்திக்கொண்டிருந்தார்கள். டொமினிகன் குடியரசு, போர்ட்டோ ரிக்கோ, குவாம், பலாவ் என்று விட்ட இடமெல்லாம் பூச்சி அடங்கியிருந்தது. அசெரோஃபேகஸ் பப்பாயே, அனாகிரஸ் லோக்கி, சூடோலெப்டோமாஸ்டிக்ஸ் மெக்சிகானா ஆகிய மூன்றும் அந்தத் தொகுப்பில் முக்கியமானவை. இலங்கைக்கு அவை 2009இலேயே வந்துவிட்டன. இந்தியாவுக்கு வந்தது 2010 ஜூலையில்.

பூச்சி கண்டறியப்பட்டதிலிருந்து சரியாக இரண்டு ஆண்டு. விடை தெரிந்த கணக்குக்கு இரண்டு ஆண்டு. எங்கே போனது அந்தக் காலம்?

ஒரு பகுதி நியாயமான காலம். அயல்நாட்டு உயிருள்ள பூச்சியைக் கொண்டுவர 1914ஆம் ஆண்டின் அழிவுப் பூச்சிகள் சட்டத்தின் கீழும் 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின் கீழும் மத்திய அரசின் தாவரப் பாதுகாப்பு ஆலோசகரிடம் இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். எந்த நாட்டிலிருந்து, எந்த இனம், எதன் மேல் வாழும், நம் நாட்டில் எதையெல்லாம் தொடக்கூடும் என்று ஆவணம் கட்ட வேண்டும். இந்த நடைமுறையைக் கேலி செய்பவர்கள் டெலியோனிமியா பூச்சியின் கதையைப் படிக்க வேண்டும். உண்ணிச்செடியை அடக்க 1941இல் ஆஸ்திரேலியாவிலிருந்து டேராடூனுக்குக் கொண்டுவந்த பூச்சி அது. சோதனையில் தேக்குப் பூவையும் கடிக்கிறது என்று தெரிந்து வளர்ப்பையே அழித்தார்கள். ஆனால் பத்து ஆண்டு கழித்து அது வெளியே சுற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது. தனிமை அறையிலிருந்து எப்போதோ தப்பியிருந்தது. பார்த்தீனியத்துக்காக மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து 1984இல் விட்ட சைகோகிராமா வண்டு பிறகு சூரியகாந்தியைக் கடிக்கிறது என்று புகார் எழுந்து பெரிய சர்ச்சையே ஆனது. ஆகவே சோதனை வேண்டும்.

நியாயமில்லாத பகுதி பணத்தின் நாட்காட்டி. பூச்சி வந்தபோது நடந்துகொண்டிருந்தது 11ஆவது ஐந்தாண்டுத் திட்டம், 2007 முதல் 2012 வரை. நிறுவனங்களின் திட்ட முன்மொழிவுகள் பூச்சி வருவதற்கு முன்பே எழுதப்பட்டவை. 2007இல் யாருக்கும் தெரியாத பூச்சி 2007இல் எழுதிய காகிதத்தில் எப்படி இருக்கும்? அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டங்களில் அடுத்த ஆண்டுக்கான தொழில்நுட்ப நிரலை ஆண்டுக் கூட்டத்தில்தான் முடிவு செய்வார்கள். ஜூலையில் வந்த பூச்சி அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். தனித் திட்டம் கேட்டு எழுதினால் ‘பாதிப்பின் அளவு என்ன’ என்ற கேள்வி வரும். பாதிப்பின் அளவைக் காட்டும் அளவுக்குப் பூச்சி பரவிய பிறகுதான் பணம் கேட்கவே முடியும். ஆக்கிரமிப்பு உயிரின ஆராய்ச்சிக்கு நிதி வருகிற வழியில் இருக்கும் அடிப்படைக் கோளாறு இது: தடுக்க முடிந்த காலத்தில் எண்ணிக்கை காட்ட முடியாது, எண்ணிக்கை காட்டும்போது தடுக்கும் காலம் கடந்திருக்கும்.

ஐம்பது ஆண்டாகக் கட்டிய வீடு

இருந்தும் 2010 ஜூலையில் குளவிப் பெட்டி வந்து இறங்கியபோது அதை வாங்கி வைக்க இடமும் ஆளும் இருந்தது. அந்த இடத்துக்குப் பணம் போட்டவர்கள் யாரும் பப்பாளி மாவுப்பூச்சி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

1957இல் காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் இந்தியக் கிளை பெங்களூருவில் தொடங்கியது. 1977இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் பயிர்ப் பூச்சி, களைகளின் உயிரியல் கட்டுப்பாட்டுக்கு அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டத்தைத் தொடங்கியது. இத்தகைய திட்டங்களில் மாநில வேளாண் பல்கலைக்கழக மையங்களுக்கு ஆகும் செலவை மத்தியக் கழகமும் மாநிலமும் 75:25 என்று பங்கிடுவது மரபு. 1993இல் அது உயிரியல் கட்டுப்பாட்டுத் திட்ட இயக்ககம் ஆனது. 2009இல் வேளாண் முக்கியத்துவம் வாய்ந்த பூச்சிகளுக்கான தேசியப் பணியகம்; 2014இல் வேளாண் பூச்சி வளங்களின் தேசியப் பணியகம். இன்றும் அதுதான் பெயர். ஒவ்வொரு மாற்றத்திலும் பணிப்பரப்பு விரிந்தது, வகைப்பாட்டியலும் மரபணு ஆய்வும் சேர்ந்தன. இடையில் பெயரிலிருந்து ‘கட்டுப்பாடு’ என்ற சொல் மட்டும் உதிர்ந்துவிட்டது. பெயர்ப்பலகையைப் பார்த்து நிதி ஒதுக்குகிற நாட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

அந்த வீட்டில் கை பழகியது வேறு வேலைகளில். 1982–83இல் ஆகாயத்தாமரைக்கு நியோகெட்டினா கூன்வண்டுகள், சால்வினியாவுக்கு சிர்டோபேகஸ் கூன்வண்டு, பிறகு பார்த்தீனிய வண்டு, 1988இல் சூபாபுல் மரத்தின் சாறுறிஞ்சிக்காகத் தாய்லாந்திலிருந்து ஒரு பொறிவண்டு. ஒவ்வொன்றிலும் பெட்டியைத் திறப்பது எப்படி, கூடவே வரும் வேண்டாத விருந்தாளியைப் பிடிப்பது எப்படி என்று கற்றுக்கொண்டார்கள். இன்னும் பின்னால் போனால் 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த செதில்பூச்சி சப்பாத்திக்கள்ளியைத் தின்று ஐந்தாறு ஆண்டில் 40,000 ஹெக்டேருக்கு மேல் நிலத்தை மீட்டுக் கொடுத்த வரலாறும் இருக்கிறது.

சில நேரம் எதிரி தானாகவும் வந்து சேர்கிறது. 1990களில் கேரளத்தில் இறங்கிய சுருள் வெள்ளை ஈக்கு என்கார்சியா குளவியும், பருத்தியில் வந்த சொலெனாப்சிஸ் மாவுப்பூச்சிக்கு ஈனாசியஸ் குளவியும் யாரும் அனுமதிச் சீட்டு வாங்காமலே வந்தவை. நல்லதுதான். ஆனால் இந்த இரண்டு அதிர்ஷ்டங்களைப் பார்த்துவிட்டு ‘கொஞ்சம் பொறுத்தால் தானாகச் சரியாகிவிடும்’ என்று கோப்பை ஓரம் வைக்கிற பழக்கமும் வளர்ந்தது. பப்பாளி மாவுப்பூச்சிக்கு இரண்டு ஆண்டில் எதுவும் தானாக வரவில்லை.

தனிமை அறையில் நடப்பது

வருவது பறக்கும் குளவி இல்லை, பெரும்பாலும் மம்மி: குளவியின் புழு உள்ளே இருந்து தின்று முடித்த, உப்பிப் பீப்பாய் போல் இறுகிய மாவுப்பூச்சித் தோல். சில ஆயிரம் மம்மிகள் ஒரு சின்னக் குளிர்பெட்டியில் அடங்கிவிடும். ஆபத்தும் அங்கேதான். மம்மிக்குள் இருப்பது நம் குளவியா, அந்தக் குளவியையே தின்று வளரும் மேல் ஒட்டுண்ணியா என்பது வெளியே வரும்வரை தெரியாது. அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழாயில் விட்டு, வெளிவருவதை நுண்ணோக்கியில் பார்த்து, சந்தேகமானதை அங்கேயே கொன்று, மிச்சத்தை ஒரு தலைமுறையாவது உள்ளேயே வளர்த்த பிறகுதான் வெளியே விடலாம். இரட்டைக் கதவு, காற்றழுத்த வேறுபாடு, வடிகட்டி, கழிவை அவித்துக் கொட்டும் ஆட்டோகிளேவ் எல்லாம் இதற்காக. கூடவே, நமக்கு வேண்டிய பூச்சிகளை இது தொடுகிறதா என்ற பாதுகாப்புச் சோதனை.

இந்த அறைக்கு ஆகும் செலவில் கட்டடம் சிறு பகுதி. ஆண்டு முழுக்க மின்சாரம், ஜெனரேட்டர், வடிகட்டி மாற்றம், ஒரே ஒரு பயிற்சி பெற்ற ஆய்வக உதவியாளர் வேலையை விட்டுப் போகாமல் இருப்பது ஆகியவைதான் பெரும்பகுதி. ஐந்து ஆண்டாக எதுவும் இறக்குமதியாகாத அறைக்கு ஏன் மின்கட்டணம் என்று தணிக்கையில் கேட்டால் பதில் சொல்வது கடினம். தீயணைப்பு நிலையத்தில் தீ இல்லாத நாளில் ஏன் சம்பளம் என்று யாரும் கேட்பதில்லை, இங்கே கேட்பார்கள்.

உருளைக்கிழங்கில் வளர்ந்த குளவி

அடுத்த கட்டம் பெருக்கம். 2010 அக்டோபரில் தமிழ்நாட்டில் குளவி வெளியே விடப்பட்டது. அந்த மாத இறுதியில் பெங்களூருவில் தேசிய அளவில் கலந்தாய்வு நடந்து, வேளாண் பல்கலைக்கழகங்களும் பட்டு வளர்ச்சி நிறுவனங்களும் வளர்ப்பைக் கையில் எடுத்தன. முறை இப்படி:

நடுத்தர அளவு உருளைக்கிழங்கைக் கழுவி, உறக்கம் கலைய ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஈர மணலில் இருட்டில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் முளை ஓரிரு அங்குலம் வரும். மற்ற சில மாவுப்பூச்சிகளை வளர்க்கப் பரங்கிக்காய் கைகொடுக்கும்; இந்தப் பூச்சிக்கு முளைவிட்ட உருளைதான் ஒத்துவந்தது. கிழங்குக்கு மூன்று முதல் ஐந்து முட்டைப்பை வைத்தால், மூன்று நான்கு வாரத்தில் முளை முழுக்க இளம் பூச்சி அப்பியிருக்கும். அசெரோஃபேகஸ் விரும்பி முட்டையிடுவது இரண்டாம் பருவக் குஞ்சில். முதிர்ந்த பெண் பூச்சிகளாகவே இருக்கும் கிழங்கைக் கூண்டில் வைத்தால் குளவி வீண். கிழங்கை 45 சென்டிமீட்டர் கூண்டில் வைத்து 50 குளவியை விட்டு, உட்சுவரில் தேன் கோடு இழுத்தால் 16 முதல் 18 நாளில் அடுத்த தலைமுறை வெளியே வரும். குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. சாதாரண கொசுவலைக் கண்ணில் நிம்மதியாக நுழைந்துவிடும். மெல்லிய மஸ்லின் துணி வேண்டும்.

முதலில் கெட்டுப்போவது எது என்று வளர்ப்பு நிலையம் நடத்தியவர்களைக் கேட்டால் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: பூச்சி வளர்க்கும் அறைக்குள் குளவி நுழைவது. ஒரே ஒரு பெண் குளவி ஒருவர் சட்டையில் ஒட்டிக்கொண்டு போனால் போதும். ஒரு மாதத்தில் தாய்ப்பூச்சியின் இருப்பே காலி. பூச்சிக்கு ஒரு கட்டடம், குளவிக்கு இன்னொன்று, காலையில் பூச்சி அறை வேலையை முடித்துவிட்டுத்தான் குளவி அறைக்குப் போவது, திரும்பிப் போகாமல் இருப்பது. இடமில்லை என்று ஒரே கூடத்தில் தட்டி மறைத்து நடத்திய வளர்ப்பு நிலைத்ததில்லை. இரண்டாவது, கிழங்கு அழுகுவது. மூன்றாவது, எறும்பு. மேசைக் கால்கள் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்க வேண்டும்.

வயலில் விட்டதும் தவறியதும்

பரிந்துரை ஒரு குக்கிராமத்துக்கு 100 குளவி. கேட்டவர்கள் சிரித்தார்கள். ஏக்கருக்கு இத்தனை லிட்டர் என்று பழகிய காதுக்கு ஊருக்கு நூறு என்பது விளையாட்டாகப் பட்டது. ஆனால் உணவு கணக்கில்லாமல் கிடக்கும் இடத்தில் 18 நாளுக்கொரு தலைமுறையாகப் பெருகும் உயிர் அது. நாலைந்து மாதத்தில் விடாத ஊரிலும் மம்மி தென்பட்டது. 2011இல் பெரும்பாலான பகுதிகளில் பூச்சி தேட வேண்டிய பொருளாகிவிட்டது. மூன்று குளவிகளில் அசெரோஃபேகஸ்தான் ஓங்கி நின்றது.

தவறிய இடங்களில் காரணம் கேட்டால் நான்கைந்துதான் திரும்பத் திரும்ப வரும். குளவியை விட்ட மறுவாரம் ‘இருக்கட்டுமே’ என்று மருந்தும் அடித்தது. ஏற்கெனவே காய்ந்து போன மரத்தில் விட்டது. அங்கே இளம் பூச்சி இல்லை. நண்பகல் வெயிலில் வண்டிக்குள் குழாயை வைத்துவிட்டு வயலைச் சுற்றிப் பார்க்கப் போனது. எறும்பு: மாவுப்பூச்சியின் தேன்கழிவுக்காக அது காவல் நிற்கும், குளவியை விரட்டும். மரத்தடியில் எறும்பைக் கட்டுப்படுத்தாமல் குளவி விட்டால் வேலை பாதிதான். பிறகு, ஆர்வக்கோளாறு: மம்மி நிறைந்த இலைகளை ‘பூச்சி அப்பிய இலை’ என்று பறித்து எரித்தது. உள்ளே இருந்தது நம் குளவி. கார்ட்டோசெரஸ், மாரியெட்டா போன்ற மேல் ஒட்டுண்ணிகளும் பின்னாலேயே வந்தன; ஆனால் பெரிய அளவில் கெடுக்கவில்லை.

ஆராய்ச்சிப் பக்கத்துத் தவறு வேறு. அவசரத்தில் பல இடங்களில் குளவி விடுவதற்கு முந்தைய கணக்கெடுப்பு சரியாக நடக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க விடாத தோட்டம் என்று ஒதுக்கியதும் சில மாதத்தில் குளவி தானாகப் போய்ச் சேர்ந்ததால் கெட்டது. வெற்றி வேகமாக இருந்ததால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை நிதி கேட்டுப் போகும்போதுதான் இந்த எண்கள் இல்லாத வலி தெரியும்.

வரவு எவ்வளவு, யாருக்கு

இந்தியாவில் இந்தத் திட்டம் ஐந்து ஆண்டில் தந்த பலன் 52.4 கோடி டாலர் முதல் 134 கோடி டாலர் வரை என்று 2014இல் வெளியான பொருளாதார ஆய்வு மதிப்பிட்டது. செலவு அதன் அருகில் வைக்கக்கூட முடியாத சிறு தொகை. குளவி இலவசமாக வந்தது. தொடர்புகளுக்கும் பயிற்சிக்கும் அமெரிக்க உதவி நிறுவனத்தின் பயிர்ப் பாதுகாப்புத் திட்டப் பணம் துணை நின்றது. மிச்சம் ஏற்கெனவே சம்பளத்தில் இருந்த ஆட்கள்.

இந்தக் கணக்கைக் காட்டினால் எந்த நிதிக் குழுவும் மயங்க வேண்டும். மயங்குவதில்லை. அதற்கு ஒரு காரணம், பலன் லட்சக்கணக்கான பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து போகிறது. யாரும் அதைப் பணமாகக் கையில் வாங்கவில்லை. இன்னொன்று, வணிகம் இல்லை. டிரைக்கோகிராமா என்ற இன்னொரு ஒட்டுண்ணிக் குளவியை அட்டையில் ஒட்டி விற்பார்கள்; அந்த அட்டையை ஒவ்வொரு போகத்துக்கும் வாங்க வேண்டும், அதனால் தனியார் ஆய்வகம் பிழைக்கும். அசெரோஃபேகஸை ஒரு முறை விட்டால் போதும், இரண்டாவது விற்பனை கிடையாது. சரியாக வேலை செய்யும் பொருளுக்குச் சந்தையே இல்லாமல் போகும் விசித்திரம் இது. அரசுப் பணம் தவிர வேறு வழியில்லை.

அந்த அரசுப் பணமும் ஒரே பையில் இல்லை. பயிர்ப் பூச்சி வேளாண் அமைச்சகத்தில், காட்டுக் களை வனத்துறையில், நீர்க்களை உள்ளாட்சியில் அல்லது பொதுப்பணித் துறையில். ஆக்கிரமிப்பு உயிரினங்களால் இந்தியாவுக்கு ஏற்பட்ட ஒட்டுமொத்த இழப்பை மதிப்பிட்ட 2022ஆம் ஆண்டு ஆய்வு 1960 முதல் 2020 வரை 12,730 கோடி முதல் 18,260 கோடி டாலர் வரை என்றது. அந்தத் தொகையின் பெரும்பகுதியை எந்த இனம், எந்த வட்டாரம் என்று பிரித்துக் காட்ட முடியவில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. பிரித்துக் காட்டாத இழப்புக்கு எந்தத் துறையும் பொறுப்பேற்காது. உலக அளவிலும் நிலைமை பெரிதாக வேறில்லை: 2023இல் வெளிவந்த ஐ.நா. ஆதரவு பெற்ற பல்லுயிர் மதிப்பீட்டின்படி, உலகுக்கு ஆண்டு இழப்பு 42,300 கோடி டாலருக்கு மேல். ஆக்கிரமிப்பு உயிரின மேலாண்மைக்குப் பணமே ஒதுக்காத நாடுகள் 45 சதவீதம்.

வெற்றிக்குப் பிறகு

வெற்றி பெற்ற வளர்ப்பு நிலையத்துக்கு என்ன ஆகும்? வயலில் பூச்சி இல்லை, கேட்பார் இல்லை. திட்டக்காலம் முடிகிறது, ஒப்பந்தத்தில் இருந்த இளம் ஆய்வாளர் வேறு வேலைக்குப் போகிறார். கூண்டுகள் அடுக்கி வைக்கப்படுகின்றன. 2016இல் பொள்ளாச்சித் தென்னையில் ரூகோஸ் வெள்ளை ஈ வந்தபோதும், 2018இல் சிவமொக்காவில் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தபோதும் ஒவ்வொரு முறையும் ஆள், கூண்டு, தலைப்பு, ஒப்புதல் என்று முதலிலிருந்து ஆரம்பம். பூச்சியின் பெயரில் பணம் கேட்டால் பூச்சி போனதும் பணம் போகும். அதனால் கேட்க வேண்டியது செயல்களின் பெயரில்: வகைப்பாட்டாளர் பணியிடம் இத்தனை, தனிமை அறைப் பராமரிப்பு ஆண்டுக்கு இவ்வளவு, எப்போதும் ஓடும் ஒரு மாவுப்பூச்சி வளர்ப்பு, குளவி விடுவதற்கு முன்னும் பின்னும் மூன்று ஆண்டுக் கணக்கெடுப்பு, பூச்சியின் பெயர் எழுதாமல் நிரப்பக்கூடிய ஓர் அவசர நிதி.

இன்னொரு விஷயமும் மாறிவிட்டது. குளவி வயலுக்கு வந்த அதே 2010 அக்டோபரில் ஜப்பானில் நகோயா நெறிமுறை ஏற்கப்பட்டது. 2014இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாட்டின் உயிரினத்தை எடுக்க அந்த நாட்டின் சம்மதமும் பலன் பங்கீட்டு ஒப்பந்தமும் வேண்டும். நியாயமான கொள்கைதான். ஆனால் நட்பில் ஒரு பெட்டியை அனுப்பி வைக்கும் காலம் இனி சுலபமில்லை. பேச்சுவார்த்தைக்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

2020இல் கேரளத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. ஆப்பிரிக்காவையே பட்டினிக்கு அருகில் கொண்டுபோன பூச்சி அது. அதன் எதிரியான அனாகிரஸ் லோபெசி குளவியை 1981இலேயே பராகுவேயில் கண்டெடுத்து நைஜீரியாவில் விட்டார்கள். அந்தப் பணிக்காக ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. தாய்லாந்தில் பூச்சி 2008இல் நுழைந்தது, குளவி 2009இல் பெனினிலிருந்து வரவழைக்கப்பட்டது. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் அதே குளவி 2022 மார்ச்சில் விடப்பட்டது. பெருந்தொற்று ஊரடங்கைக் கழித்துப் பார்த்தாலும், கண்டறிந்ததிலிருந்து விடுவிப்பு வரை மறுபடியும் ஏறத்தாழ அதே இரண்டு ஆண்டு. தாய்லாந்துக்குப் பூச்சி வந்த 2008இலேயே குளவியின் பாதுகாப்பு ஆவணத்தைக் கட்டி அனுமதிக்கு அனுப்பி வைத்திருக்கலாம். ஓர் ஆய்வாளரின் சில மாத வேலை. அதைச் செய்யச் சொல்லும் பணி அட்டவணையும் அதற்கான கணக்குத் தலைப்பும்தான் இருக்கவில்லை.